பதினெட்டு வயதுக்கு முன்: சமயமும் அரசியலும் பிள்ளைகளுக்குக் கைமாறும் விதம்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு, 18 வயது நிறையாத ஒருவரின் சமயத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவருடைய பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ ஒப்படைக்கிறது. அதே நாட்டின் மக்களவை 2019 ஜூலை 16-இல் ஒருமனதாக நிறைவேற்றிய திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. அத்திருத்தம் 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. 18 வயதினர் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குச் சென்றது 2022 மார்ச் 12-இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான். ஆக, எந்தக் கடவுளை வணங்குவது, எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஒருவர் தாமே விடை சொல்லத் தொடங்கும் நாளாக ஒரே பிறந்தநாளைச் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த நாள் வருவதற்குள் இரண்டு கேள்விகளுக்கும் வீட்டில் விடை எழுதப்பட்டுவிடுகிறது என்பதை ஜொகூரின் செனாய் போன்ற ஓர் ஊரில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் அறியும். பெற்றோர் தம் நம்பிக்கைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. அப்படிக் கொடுக்கும் அதிகாரம் எத்தகையது, அது பெற்றோரின் உடைமையா, அல்லது பிள்ளையின் சார்பில் சிறிது காலம் அவர்கள் கையில் இருக்கும் அடைக்கலப் பொருளா என்பதே ஆராயத்தக்க கேள்வி.

செனாய், கூலாய் மாவட்டத்தில், ஜொகூர் பாருவுக்கு வடக்கே, நெடுஞ்சாலையையும் விமான நிலையத்தையும் ஒட்டி வளர்ந்த ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பரும் பின்னர் செம்பனையுமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் வரிசை வீடுகள் அமைந்த தாமான்களும் நிற்கின்றன. இந்த மாற்றம் நம்பிக்கை கைமாறும் விதத்தையும் மாற்றியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாமியைக் காட்டியவர்கள் தாயும் தந்தையும் மட்டுமல்லர். தோட்டத்து மாரியம்மன் கோயில், எல்லையில் நின்ற முனீஸ்வரன், ஆண்டுத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கப்பட்ட வரி, தீமிதிக்கு விரதமிருந்த பக்கத்து வீட்டு மாமா, உடுக்கையடித்த பூசாரி என ஒரு முழுக் குடியிருப்பே அந்தப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டது. அங்கே ஒரு வீட்டுத் தந்தை கோயிலுக்குப் போகாதவராக இருந்தாலும் அவர் பிள்ளை திருவிழாவில் தப்பு ஓசைக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது; ஒரு தாய் எவ்வளவு கண்டிப்பான பக்தையாக இருந்தாலும் அவள் மகன் தோட்டத்து நூல்நிலையத்தில் பகுத்தறிவு ஏடுகளைப் படிக்க வழியிருந்தது. தாமான் வீட்டில் அந்தப் பொதுப் பங்கீடு இல்லை. பக்கத்து வீட்டார் வேறு இனத்தவராக, வேறு சமயத்தவராக இருக்கக்கூடும். பெற்றோரில் ஒருவர் விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்காகப் பாலத்தைக் கடக்க மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பிள்ளை உறங்கிய பிறகு திரும்புவதும் இப்பகுதியில் வழக்கம். தோட்டத்தில் நூறு பேர் செய்த வேலை இங்கே இரண்டு களைத்த மனிதர்களின் தலையில் விழுந்திருக்கிறது. பெற்றோரின் உரிமை குறித்து இன்றைய மலேசியத் தமிழர் பேசும்போது குரலில் ஏறும் பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தைப்பூசத்தன்று ஜொகூர் பாரு தண்டாயுதபாணி கோயிலிலோ பத்துமலையிலோ காணக் கிடைக்கும் கரும்புத் தொட்டில், கைமாறுதலின் இயல்பை விளக்கப் போதுமானது. பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்ட தம்பதியர், அது பிறந்த பின், தோகையோடு கூடிய கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றிலிருந்து மஞ்சள் துணியைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதில் குழந்தையைக் கிடத்தி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோளில் சுமந்து கோயிலைச் சென்றடைகின்றனர். பிறகு குழந்தைக்கு முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசுகின்றனர். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. ஆயினும் அங்கே குழந்தையின் மீது வன்முறை நிகழ்கிறது என்று சொல்பவர் மனித வாழ்வை அறியாதவர். நேர்த்திக்கடன் பெற்றோருடையது, சுமையும் அவர்கள் தோளில்தான். குழந்தைக்குக் கிடைப்பது, தான் வேண்டிப் பெறப்பட்ட பிள்ளை என்ற செய்தி. அது வளர்ந்த பிறகு முருகனை நம்பலாம், நம்பாமலும் போகலாம். நம்பாமல் போனாலும் தன்னைச் சுமந்த தோள்களின் நினைவு அதற்குப் பகையாகப் போவதில்லை. இந்தக் கொடை பிள்ளையைப் பிற்காலத்தில் எதற்கும் கட்டிப்போடவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பர்க் 1980-இல் எழுதிய கட்டுரையொன்றில், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டு என்று வாதிட்டார். வாக்குரிமை, சமயத் தேர்வு, தொழில் தேர்வு ஆகியவற்றைக் குழந்தையால் இன்று பயன்படுத்த முடியாது. எனினும் அவை அக்குழந்தைக்கு உரியவை. வளரும்வரை பிறர் பொறுப்பில் வைத்துக் காக்கப்படும் அந்த உரிமைகளை, அது வளர்வதற்குள் யாரும் செலவழித்துவிடக் கூடாது என்பது அவர் கருத்து. இக்கருத்துக்கு எழும் வலுவான மறுப்பையும் கருத வேண்டும். எல்லா வழிகளையும் சமமாகத் திறந்து வைத்து, எதையும் கொடுக்காமல் வளர்க்கப்படும் பிள்ளை, தேர்ந்தெடுக்கும் ஆற்றலையே பெறாமல் போகலாம். தாய்மொழியும் சம்மதம் கேட்டுக் கொடுக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு மொழி கிடைத்தவனால்தான் இன்னொரு மொழியைக் கற்கவும், தன் மொழியையே குறை காணவும் முடிகிறது. சமயமும் அப்படித்தான். ஒரு வழிபாட்டின் உள்ளே நின்று அதன் அழகையும் அச்சத்தையும் அறிந்த பிள்ளைக்கே வழிபாடு என்றால் என்னவென்று தெரிகிறது. ஃபைன்பர்க்கின் உரிமையையும் இந்த மறுப்பையும் ஒருங்கே ஏற்க முடியும்: கொடுப்பது கடமை, கொடுத்ததைத் திரும்பிப் பார்க்கும் ஆற்றலைச் சிதைப்பது குற்றம்.

தமிழ்ச் சமய மரபு இந்த இரட்டை நிலையை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லும் வள்ளுவர், கற்றோர் அவையில் அவனை முந்தியிருக்கச் செய்வதைச் சொல்கிறாரே அன்றி, தந்தையின் சமயத்தில் அவனை நிலைநிறுத்துவதைச் சொல்லவில்லை. தந்தையின் ஆணையை மீறி நாராயணன் பெயரைச் சொன்ன பிரகலாதனின் கதையைக் கம்பர் தம் இராமாயணத்தின் யுத்த காண்டத்தில் இரணியன் வதைப் படலமாக வைத்தார். பிள்ளைகள் தம் பேச்சைக் கேட்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோரே, பெற்றவன் பேச்சைக் கேட்காத பிள்ளையின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர். சுவாமிமலையில் மகன் குருவாக அமர, தந்தை சீடராக நின்று பிரணவத்தின் பொருளைக் கேட்ட புராணத்தைத் தாங்கியவரே மலேசியத் தமிழர் பெரிதும் போற்றும் தெய்வம். சைவ சித்தாந்த மரபில் இதற்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. அருள்நந்தி சிவாசாரியார் மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர். வயதில் மூத்த, நூல் பல கற்ற அவர், சிறுவராகிய மெய்கண்டாரிடமே உபதேசம் பெற்று அவருக்கு மாணாக்கரானார் என்று மரபு சொல்கிறது. குலத்தின் வழியே வந்த குருவுக்குக் குலத்தின் பிள்ளையே குருவாக நேரலாம் என்பதைச் சந்தான பரம்பரையின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட சமயம் அது. அச்சமயம் பக்குவம் என்ற கருத்துக்குக் கொடுக்கும் இடமும் நோக்கத்தக்கது. உயிர் பக்குவப்படும் அளவுக்கே அருள் பதியும். அதாவது, பிறப்பு ஒருவரைச் சைவக் குடும்பத்தில் சேர்க்கலாம், ஆனால் உணர்வு அவரவர் பெற வேண்டியது.

மணிமேகலைக் காப்பியம் இந்தக் கேள்வியை மேலும் நுட்பமாக அணுகுகிறது. மணிமேகலையின் பாட்டி சித்திராபதி, கணிகையர் குலத்தொழிலைப் பேத்திக்குக் கைமாற்ற முயல்கிறாள். தாய் மாதவியோ அதைத் துறந்து, மகளையும் அறவண அடிகளின் வழியில் செலுத்துகிறாள். அதனால் மணிமேகலைக்குப் பௌத்தமும் ஒருவகையில் தாய் தந்த சொத்துத்தான். ஆனால் காப்பியம் அவளை அங்கேயே நிறுத்திவிடவில்லை. வஞ்சி நகரில் வேற்றுருவில் சென்று, அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயவாதிகளின் கொள்கைகளை அவரவர் வாய்மொழியாக அவள் கேட்பதற்கு ஒரு முழுக் காதை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றைக் கேட்ட பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு ஏற்கிறாள். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் பௌத்தச் சார்புடையவர். மற்றச் சமயங்களை அவர் நடுநிலையோடு காட்டினார் என்று கொள்ள இயலாது. அப்படிப்பட்டவரும் தாய் கொடுத்த நம்பிக்கையை மகள் பிற நம்பிக்கைகளைக் கேட்ட பின்பே முழுமையாக ஏற்பதாக அமைத்திருப்பதுதான் இங்கே முக்கியம்.

நம்பிக்கையைக் கொடுப்பதும் தீர்மானிப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்பதை மலேசிய நீதிமன்றங்களுக்கு வந்த வழக்குகள் வெளிப்படுத்தின. கிளந்தான் மாநிலத்தில் 1985-இல் பௌத்தக் குடும்பத்துச் சீனப் பெண்ணொருவர், 17 வயது 8 மாதம் ஆகியிருந்தபோது, தம் விருப்பத்தால் இஸ்லாத்தைத் தழுவினார்; தந்தை தியோ எங் ஹுவாட் வழக்குத் தொடுத்தார். 1990-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 18 வயது நிறையாதவரின் சமயத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் உரிமையே என்று சட்டத்தைப் பொருள்கொண்டது. ஆனால் அதற்குள் அப்பெண் வயது வந்தவராகிவிட்டதால் அவர் விஷயத்தில் ஆணை பிறப்பிக்க எதுவும் மிஞ்சவில்லை. இந்த வழக்கை முஸ்லிம் அல்லாத பெற்றோர் தமக்குச் சாதகமானதாக நினைவுகூர்வது வழக்கம். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இல்லை. 17 வயது 8 மாதத்தில் இல்லாத எந்த அறிவு 4 மாதங்களில் வந்து சேர்கிறது என்று அந்தப் பெண் கேட்டிருந்தால், சட்டம் ஓர் எல்லைக்கோட்டைக் காட்டியிருக்குமே தவிர ஒரு காரணத்தைக் காட்டியிருக்காது.

தாயும் தந்தையும் ஒன்றுபட்டு நிற்கும் வரையில் 12(4)-ஆம் பிரிவு அமைதியாக இருந்தது. ஒருவர் மட்டும் சமயம் மாறி, பிள்ளைகளையும் மாற்ற முற்பட்டபோது அதன் சிக்கல் வெளிப்பட்டது. இதையே மலேசியத் தமிழர் ஒருதலைப்பட்ச மதமாற்றம் என்கின்றனர்: தாய் தந்தை இருவரில் ஒருவர், மற்றவரின் சம்மதமின்றி, சிறு பிள்ளையின் சமயத்தை மாற்றிப் பதிவு செய்வது. சுபாஷினி என்னும் தாயின் வழக்கில் 2007 டிசம்பர் 27-இல் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம், பெற்றோரில் எவரேனும் ஒருவரே இதைச் செய்யலாம் என்றது. ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு இதற்குப் பின் வந்தது. 2009 மார்ச்சில் இஸ்லாத்தைத் தழுவிய அவர் கணவர், ஏப்ரல் மாதத்தில் மூன்று பிள்ளைகளையும் முஸ்லிம்களாகப் பதிவு செய்து சான்றிதழ் பெற்றார். பிள்ளைகள் யாரும் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்படவில்லை, தாய்க்குத் தெரிவிக்கப்படவில்லை. கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அக்குழந்தையைத் தந்தை தம்மோடு எடுத்துச் சென்றிருந்தார். ஈப்போ உயர் நீதிமன்றம் 2013-இல் அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இன் இறுதியில் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, தாய் தந்தை இருவரும் இருக்கும்போது இருவரின் சம்மதமும் வேண்டும் என்றும், சான்றிதழ்கள் செல்லாது என்றும் தீர்த்தனர். நீதிபதி சைனுன் அலி எழுதிய அத்தீர்ப்பு, பிள்ளைகளின் மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தரும் 1961-ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாவல் சட்டத்தையும், சமயம் மாறுபவர் தம் வாயால் உறுதிமொழி சொல்ல வேண்டும் என்னும் பேராக் மாநிலச் சட்டத்தையும் துணையாகக் கொண்டது. பேச்சு வராத குழந்தை உறுதிமொழி சொல்லியிருக்க முடியாது என்பது எவருக்கும் விளங்கும். தீர்ப்பில் வென்ற பிறகும் அந்தத் தாய் தம் கடைசி மகளைக் கண்ணால் காண ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார் என்பதை எழுதாமல் இவ்வழக்கைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

இவ்வழக்கை இரண்டு சமயங்களுக்கு இடையிலான போட்டியாகப் பார்ப்பது பிழை. இஸ்லாத்தில் நம்பிக்கை கொண்ட தந்தை தம் பிள்ளைகளும் அந்த நம்பிக்கையில் வளர வேண்டும் என்று விரும்புவதில், கரும்புத் தொட்டில் சுமக்கும் தந்தையின் விருப்பத்திலிருந்து வேறான எதுவும் இல்லை. அவர் தம் பிள்ளைகளுக்குத் தம் தொழுகையைக் காட்டியிருக்கலாம், குர்ஆனின் பொருளைச் சொல்லியிருக்கலாம், நோன்பு திறக்கும் வேளையில் அருகில் அமர்த்தி உணவு கொடுத்திருக்கலாம். இவை அனைத்தும் நம்பிக்கையைக் கொடுப்பவை. பிள்ளை இல்லாத அலுவலகத்தில், தாய் அறியாத நேரத்தில் எழுதப்பட்ட தாள் எந்த நம்பிக்கையையும் கொடுப்பதில்லை. அது பிள்ளையின் சட்ட நிலையை மட்டும் மாற்றுகிறது. மலேசியாவில் அந்தச் சட்ட நிலை பெரும்பாலும் ஒருவழிப்பட்டது. இஸ்லாத்தை விட்டு விலகிய லீனா ஜோய் என்பவரின் வழக்கில் 2007 மே 30-இல் கூட்டரசு நீதிமன்றம், அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற குறிப்பை நீக்க ஷரியா நீதிமன்றத்தின் சான்று தேவை என்று பெரும்பான்மையாகத் தீர்த்தது. அத்தகைய சான்றைப் பெறுவது மிகக் கடினம். இந்துவாகப் பதிவான பிள்ளை 18 வயதில் வேறு சமயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு வயதில் முஸ்லிமாகப் பதிவான பிள்ளைக்கு அந்தத் தேர்வு நடைமுறையில் ஏறத்தாழ இல்லை. அதனால்தான் இவ்விரண்டு பதிவுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இஸ்லாத்தின் கோட்பாட்டைக் குறை சொல்லாமலேயே இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்: திரும்ப வர வழியில்லாத முடிவை, அதைச் சுமக்கப்போகிறவரின் சார்பில் இன்னொருவர் எடுக்கும்போது, எந்தச் சமயமானாலும் மிகுந்த தயக்கம் வேண்டும்.

இந்த அளவுகோலை ஒருமுறை ஏற்றுக்கொண்ட பின், இந்துத் தமிழ்க் குடும்பங்கள் அதைத் தம் வீட்டுக்குள்ளும் கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஒருதலைப்பட்ச மதமாற்றத்துக்கு எதிராக நியாயமாகக் கொதித்தெழும் அதே குடும்பம், மகள் கிறிஸ்தவ சபையொன்றில் சேர்ந்தாலோ, மகன் கோயிலுக்கு வர மறுத்தாலோ, அதே கொதிப்பைத் தன் பிள்ளையின் மீது திருப்புவது உண்டு. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தது முதல் வேரூன்றிய சுயமரியாதை மரபிலும் இதன் மறுபக்கம் இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு போன்ற ஏடுகளைப் படித்து வளர்ந்த சீர்திருத்தக் குடும்பங்கள், தாலியும் சடங்கும் இல்லாத திருமணம், தனித்தமிழ்ப் பெயர், கோயிலுக்குப் போகாமை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தன. கேள்வி கேட்கக் கற்பித்த அம்மரபு அரும்பணி செய்தது; மலாயாத் தமிழரின் தன்மானத்துக்கு அது ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் கடவுள் மறுப்பும் தந்தை சொல் என்பதற்காக மட்டும் பின்பற்றப்படுமானால், அது பகுத்தறிவாக இராமல் பரம்பரை வழக்கமாகிவிடுகிறது. அத்தகைய வீட்டின் பேரப்பிள்ளை காவடி எடுக்கும்போது பாட்டனாரின் கொள்கை தோற்றதாகக் கருத வேண்டியதில்லை.

சாதியின் நிலை இதனினும் கடுமையானது. அது யாராலும் பாடமாகச் சொல்லப்படாமல் கைமாறுகிறது. தோட்டத்தில் கங்காணி, தொழிலாளி என்ற படிநிலையோடும் லயத்தின் வரிசையோடும் கலந்திருந்த சாதி, தாமானுக்கு வந்த பின் பெயரளவில் மறைந்து, பிள்ளைக்குத் திருமண வயது வரும்போது மட்டும் என்ன ஆளுங்க என்ற ஒரே கேள்வியாக எழுந்து நிற்கிறது. அதுவரை சாதியின் பெயரைக்கூட வீட்டில் கேட்டறியாத இளைஞர், தாம் விரும்பிய பெண்ணைப் பற்றிப் பெற்றோரிடம் சொன்ன அன்றுதான் அந்தப் பெயரைக் கேள்விப்படுகிறார். சமயத்தைக் கொடுப்பவர் குறைந்தபட்சம் அதை வெளிப்படையாகக் கொடுக்கிறார். பிள்ளை அதை எடைபோட முடிகிறது. மறைத்து வைத்துக் கொடுக்கப்படும் சாதியை எடைபோட வழியே இல்லை. பெற்றோர் கைமாற்றுவனவற்றில் எதற்கேனும் நியாயமே கிடையாது என்றால் அது இதற்குத்தான்.

அரசியல் நம்பிக்கை வீட்டில் கைமாறும் விதம் பற்றி ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 1965-இல் உயர்நிலைப் பள்ளி மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் விசாரித்த ஜென்னிங்ஸ், நீமி என்னும் ஆய்வாளர்கள், தனித்தனிப் பிரச்சினைகள் குறித்த கருத்துகளைவிடக் கட்சிப் பற்றே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அழுத்தமாகச் செல்கிறது என்று கண்டனர். மலேசியத் தமிழரிடம் இது சின்னங்களின் வழியாக நடந்தது. 1946-இல் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய மலேசிய இந்தியர் காங்கிரஸ், கூட்டணியின் பாய்மரக் கப்பலோடும் பின்னர் தேசிய முன்னணியின் தராசோடும் தோட்டத்து வீடுகளுக்குள் வந்தது. காரணம் விளக்கப்படாமலேயே, எந்தச் சின்னத்துக்கு நேரே குறியிட வேண்டும் என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அதனோடு அச்சமும் கைமாறியது. 1969 மே 13 கலவரத்தின் நினைவையும், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்த 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் நினைவையும் சுமந்த பெற்றோர், அரசியல் பேசாதே என்பதையே அரசியல் பாடமாகக் கொடுத்தனர். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்து உரிமைப் பணிப்படை என்னும் ஹிண்ட்ராஃப் நடத்திய பேரணியில் பல்லாயிரவர் திரண்டது, அந்தப் பாடத்தைப் பெற்ற தலைமுறையே அதை மீறியது என்பதால்தான் அவ்வளவு அதிர்வை உண்டாக்கியது. தலைவர்கள் ஐவர் அதே பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் தராசைப் பரம்பரையாகப் போற்றிய பல குடும்பங்கள் அதைக் கைவிட்டன. அப்போது மாறியவர்களில் பலர் பிள்ளைகளின் பேச்சைக் கேட்ட பெற்றோர். கைமாறுதல் அங்கே திசை திரும்பியது.

2022-இல் ஜொகூரில் 18 வயதினர் விண்ணப்பமின்றியே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டு வாக்களிக்கும் நிலை வந்தபோது, அத்தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 55 விழுக்காட்டினர் மட்டுமே. பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வர இயலாமை முதல் ஆட்சிக் கவிழ்ப்புகளால் வந்த சலிப்பு வரை இதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு இதையும் சேர்க்க வேண்டும்: வீட்டில் சின்னத்தை மட்டும் பெற்றுக் காரணத்தைப் பெறாத பிள்ளைக்கு, அந்தச் சின்னம் மதிப்பிழந்த நாளில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. சமயத்திலும் நடப்பது இதுதான். பள்ளியில் முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்வி பயிலும் நேரத்தில் மற்ற மாணவர் நன்னெறிக் கல்வி பயில்கின்றனர். தேர்வுக்காக நெறிகளை மனனம் செய்யும் பாடம் அது. நாட்டின் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவில் முதலாவதாகிய இறைவன் மீது நம்பிக்கை வைத்தலை அவர்கள் பள்ளிச் சபைகூடலில் ஒப்பித்து வளர்கின்றனர். எந்த இறைவன், ஏன் நம்ப வேண்டும், முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைப்பதும் சிவனுக்கு வில்வம் சாத்துவதும் ஒரே வழிபாடா வேறுவேறா என்ற கேள்விகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் வீட்டுக்குத்தான் வருகின்றன. அந்நேரம் பெற்றோர் சொல்லும் விடை, அப்படித்தான் செய்ய வேண்டும், எதிர்த்துக் கேட்காதே என்பதாக இருந்தால், பிள்ளை விடையைத் தேடி வேறிடம் செல்கிறது. பெற்றோருக்கு விடை தெரியாமல் இருப்பது குற்றமன்று. தோட்டத்து வறுமையில் ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு தாய்க்குச் சித்தாந்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொல்வது எந்தச் சித்தாந்த விளக்கத்துக்கும் குறைந்ததன்று. தென் கலிஃபோர்னியாவில் 1970 முதல் பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த வெர்ன் பெங்ட்சன், சமய நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குச் செல்வதில் பெற்றோரின் கண்டிப்பைவிட அவர்களோடு பிள்ளைக்கு உள்ள நெருக்கமும் பாசமுமே பெரிதும் துணைநிற்கின்றன என்று கண்டதும் இதனோடு பொருந்துகிறது.

இந்திரா காந்தி தீர்ப்பு தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான நீதியை நிலைநாட்டியது. 2024-இல் லோ சியூ ஹோங் என்னும் தாயின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. ஆனால் இவ்வழக்குகள் அனைத்திலும் கேள்வி இரண்டு பெரியவர்களின் சம்மதத்தைப் பற்றியதாகவே இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல், எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த அமிஷ் சமயத்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, நீதிபதி டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டு, படிப்பை நிறுத்த வேண்டியவர்களாகிய பிள்ளைகளை யாராவது கேட்டார்களா என்று வினவினார். மலேசியா 1995-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றபோது, குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, சமயச் சுதந்திரத்தைச் சொல்லும் 14-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று ஒதுக்கீடு தெரிவித்தது. 2010-இல் வேறு சில ஒதுக்கீடுகளை விலக்கிக்கொண்டபோதும் இதை விலக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றிய எல்லா விஷயங்களிலும் குழந்தை கருத்துச் சொல்லலாம், அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்னும் 12-ஆம் பிரிவை மலேசியா எந்த ஒதுக்கீடும் இன்றி ஏற்றிருக்கிறது. 2009 ஏப்ரலில் அந்தச் சான்றிதழ்கள் எழுதப்பட்டபோது இந்திரா காந்தியின் மூத்த பிள்ளைகள் இருவரும் தம் சமயம் எது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த வயதினர். உடன்படிக்கையின் அந்த 12-ஆம் பிரிவின்படி அவர்களைக் கேட்பதற்கு மலேசியாவில் எந்தத் தடையும் இருக்கவில்லை.